கண்ணை மூடினால் கடன் பாக்கி ஞாபகம் வருகிறதே!
(தத்துவம் – வாசகர் கேள்வி பதில்)

எந்த நூலை முதலில் படிப்பது, எந்த உரை நல்ல உரை என்று கேட்டு வந்த கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டோம். படித்ததை வாழ்க்கையில் எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கே இந்த இதழில் பதில்.

தினமும் காலையில் அரை மணி நேரம் தியானத்துக்கு உட்காருகிறேன். கண்ணை மூடியதும் கடன் பாக்கி, ஆபீஸ் சண்டை எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. அது இல்லாத நாளில் தூங்கி விழுகிறேன். எனக்கு தியானம் கைகூடாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

நீங்கள் சொன்னவை இரண்டு தனித்தனித் தடைகள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு ஆகாது. அத்வைத ஆசிரியர் கௌடபாதர் தம் மாண்டூக்ய காரிகை என்ற நூலின் மூன்றாம் பிரகரணத்தில், அதாவது மூன்றாம் பகுதியில் (44, 45) இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்: உறங்கும் மனத்தை எழுப்பு, சிதறும் மனத்தை அடக்கு, உள்ளே பற்றோடு தேங்கி நிற்கும் மனத்தை அடையாளம் கண்டுகொள், சமநிலைக்கு வந்த மனத்தை அசைக்காதே, அங்கே கிடைக்கும் சுகத்தைச் சுவைத்துக்கொண்டு உட்காராதே. பின்னால் வந்த வேதாந்திகள் இந்தத் தடைகளுக்கு லயம், விக்ஷேபம், கஷாயம், ரஸாஸ்வாதம் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் தூக்கம், அதாவது லயம். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் வருவது உடம்பு கேட்கும் தூக்கம்தான். அதற்குத் தத்துவத்தில் மருந்து தேட வேண்டாம், தூங்குங்கள். அதிகம் தூங்குபவனுக்கும் யோகம் இல்லை, தூங்காமலே இருப்பவனுக்கும் இல்லை என்று கீதை (6.16) சொல்லியிருக்கிறது. போதுமான தூக்கம் இருந்தும் சொக்கினால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சுவரில் சாய்கிறீர்களா, வயிறு நிறைந்திருக்கிறதா, கண்ணை இறுக மூடுகிறீர்களா? முதுகு, கழுத்து, தலை மூன்றும் நேர்கோட்டில் இருக்கட்டும். கண்ணைப் பாதி மூடி, பார்வையைத் தாழ்த்தி வையுங்கள். 'மூக்கு நுனியைப் பார்' என்று கீதை 6.13 சொல்வதை நம்பிக் கண்ணைக் கோணலாக்கித் தலைவலி வாங்கியவர்கள் உண்டு. பார்ப்பதைப் போல வைத்துக்கொள் என்பதே அதன் கருத்து, மூக்கு நுனி தியானப் பொருள் அல்ல என்று சங்கரர் அந்த இடத்திலேயே விளக்கிவிட்டார். அப்படியும் சொக்கினால் ஜபத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.

அடுத்தது கடன் பாக்கி. இது விக்ஷேபம். உட்காரும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் இன்று செய்ய வேண்டிய நாலு காரியங்களை எழுதி, மடித்துத் தள்ளி வையுங்கள். 'மறந்துவிடுமோ' என்ற பயத்தில்தான் மனம் பாதி விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. பிறகு பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில் (1.34) சொல்லும் வழி: மூச்சை நிதானமாக, முழுவதுமாக வெளியே விடுவது. உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், வெளியே விடுவதை மட்டும் நீளமாக்கி ஒரு பத்து முறை செய்தால் போதும். அதன் பின் ஒரே ஒரு பிடிப்பு (1.32). உங்கள் வீட்டு வழக்கப்படி சிவ நாமமோ, நாராயண நாமமோ, முருகனோ, ஒன்று. இந்த வாரம் ஐந்தெழுத்து, அடுத்த வாரம் காயத்ரி, அதற்கடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பீஜ மந்திரம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டிவரும்.

ஜபமாலை இருந்தால் நடுவிரல் மேல் வைத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் தள்ளுங்கள். மேரு மணியை (மாலையின் தலைமணியை) தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு நாமத்துக்கு இரண்டரை விநாடி என்றால் 108 முடிய நாலரை நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடிகிறது என்றால் நாக்குதான் ஓடுகிறது, மனம் கூட வரவில்லை. நடுவில் மனம் நழுவியது தெரிந்ததும், 'சே, மறுபடியும் போய்விட்டதே' என்று ஒரு விசாரணைக் கமிஷன் வைக்காமல், அடுத்த மணிக்கு வாருங்கள். 'எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து திருப்பிக் கொண்டுவா' என்று கீதை 6.26 சொல்வது இதைத்தான். பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடி முப்பது தடவையும் திரும்பி வந்தால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது.

மற்ற இரண்டு தடைகளும் உங்களுக்குப் பிறகு வரும், இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் இல்லை, ஓட்டமும் இல்லை, ஆனால் மனம் மந்தமாகக் கனத்துக் கிடக்கும். பழைய ஆசையோ வருத்தமோ அடியில் இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அதோடு மல்லுக்கட்டாமல் 'இது கஷாயம்' என்று தெரிந்துகொண்டு ஜபத்தைத் தொடர்ந்தால் போதும். நான்காவது, ஒருநாள் அருமையான அமைதி வரும். மறுநாள் அதையே எதிர்பார்த்து உட்காருவீர்கள், வராது. பலர் தியானத்தைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான், ஓட்டம் அதிகமாக இருந்த ஆரம்பத்தில் அல்ல.

அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு என்று பதஞ்சலி (1.14) மூன்று நிபந்தனை வைக்கிறார். எத்தனை மணி நேரம் என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. ஒரு மண்டலம், 48 நாள், அதே இடம், அதே நேரம், அதே நாமம். எண்ணம் குறைந்ததா என்று பார்க்காதீர்கள். ஓடியது தெரிய முன்பு மூன்று நிமிடம் ஆயிற்று, இப்போது அரை நிமிடத்தில் தெரிகிறதா? அதைப் பாருங்கள்.

காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும்போது தினமும் கோபம் தலைக்கேறிக் கத்திவிடுகிறேன். ஆட்டோ போன பிறகு அழுகை வருகிறது. 'பத்து வரை எண்ணு' என்கிறார்கள். அந்த நேரத்தில் எண்ண வேண்டும் என்பதே ஞாபகம் வருவதில்லை.
– ஒரு வாசகி, மதுரை

ஞாபகம் வராததற்குக் காரணம் கீதையிலேயே இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம் 62, 63-ஆம் சுலோகங்களில் கண்ணன் ஒரு சங்கிலியைக் காட்டுகிறான். ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைப்பதால் பற்று, பற்றிலிருந்து விருப்பம், விருப்பம் தடைப்பட்டால் கோபம், கோபத்திலிருந்து மதிமயக்கம், அதிலிருந்து நினைவுத் தடுமாற்றம், அதிலிருந்து புத்தி நாசம், முடிவில் ஆளே அழிவது. கோபத்துக்கு அடுத்த இரண்டு கண்ணிகளையும் பாருங்கள். மதி மயங்கி, நினைவு தப்புகிறது. அந்த இடத்தில் போய் 'பத்து எண்ணு' என்ற அறிவுரையை நினைவுக்குக் கொண்டுவா என்றால் எப்படி வரும்? கோபத்துக்கு முந்தைய மூன்று கண்ணிகளில்தான் நமக்குப் பிடி இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் அந்த முதல் கண்ணி என்ன? பிள்ளை அல்ல. 'ஏழே முக்காலுக்குச் சாப்பிட்டு, ஷூ மாட்டி, வாசலில் நிற்க வேண்டும்' என்ற சித்திரம். எழுந்ததிலிருந்து அதைத்தான் மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சித்திரத்தின் மேல் பற்று வந்து, ஒரு சாக்ஸ் காணாமல் போனதும் அது உடைகிறது. ஒரு வாரம் மட்டும் இதைச் செய்யுங்கள்: கத்தி முடித்த பிறகு, கத்துவதற்குச் சற்று முன் மனத்துக்குள் ஓடிய வாக்கியத்தை அடுப்படிக் காலண்டரில் அப்படியே எழுதுங்கள். பெரும்பாலும் 'எத்தனை தடவைதான் சொல்றது', 'எல்லாத்தையும் நானே பார்க்கணும்' என்கிற மாதிரி ஒன்றிரண்டு வாக்கியங்களே திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் வாரத்தில் அந்த வாக்கியம் எழும்போதே காதில் விழத் தொடங்கும். உங்களுக்கான எச்சரிக்கை மணி அது. அந்த நிமிடம் பக்கத்து அறைக்குப் போங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூன்றாம் கண்ணியில் நிற்பவருக்குக் கால் நகரும்.

பதஞ்சலி இதற்கு 'பிரதிபக்ஷ பாவனம்' என்ற முறையைச் சொல்கிறார் (2.33, 34). தீய எண்ணம் வரும்போது 'நான் சாந்த சொரூபி' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதாகப் பலர் இதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சூத்திரம் சொல்வது, இந்தச் செயல் முடிவில்லாத துன்பத்தையும் அறியாமையையும் பலனாகத் தரும் என்று நினைத்துப் பார்ப்பதை. அதோடு நிற்காமல், நானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ய ஒப்புக்கொண்டது என்று மூன்று வகையும் பிரிக்கிறது. 'நல்லா நாலு போடு, அப்பதான் திருந்துவான்' என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அந்தக் குரலுக்கு உரியவரிடம் மாலையில், சாவகாசமாகச் சொல்லலாம்.

கண்டித்தே ஆக வேண்டிய நாளில் கீதை 17.15-ஐ அளவுகோலாக வையுங்கள். வாக்குத் தவத்துக்கு அங்கே நான்கு அடையாளங்கள்: பிறரைக் கலங்கடிக்காதது, உண்மையானது, இனியது, நன்மை தருவது. உண்மை மட்டும் இருந்து மற்ற மூன்றும் இல்லையென்றால், அந்த வாக்கியத்தைப் பள்ளி விட்டு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுவிடாது. சாக்ஸை முந்தின இரவே எடுத்து ஷூவுக்குள் வைத்துவிடுவதும் சாதனைதான், சிரிக்காதீர்கள்.

குரூப் 4 தேர்வை இரண்டு தடவை எழுதிக் கட்-ஆஃபில் போய்விட்டது. 'பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்' என்கிறார்கள். வேலை வேண்டும் என்றுதானே படிக்கிறேன்? எதிர்பார்க்காமல் எப்படிப் படிப்பது?
– ஒரு வாசகர், விருதுநகர்

அந்தச் சுலோகத்தில் (2.47) நான்கு பகுதிகள் இருக்கின்றன. செயலில் உனக்கு உரிமை உண்டு, பலனில் ஒருபோதும் இல்லை, பலனுக்கு நீயே காரணம் என்று ஆகிவிடாதே, செயலைக் கைவிடுவதில் பற்று வைக்காதே. மேடையில் பேசுபவர்கள் முதல் இரண்டோடு இறங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது பின்னிரண்டும். இலக்கு வைக்கக் கூடாது என்று கீதை சொல்லவில்லை. போர்க்களத்தில் வெற்றியை நினைக்காமல் யாரும் வில்லெடுப்பதில்லை. பலன் என் ஒருவன் கையில் மட்டும் இருக்கிறது என்ற கணக்கைத்தான் அது தவறு என்கிறது.

சரியான கணக்கு 18-ஆம் அத்தியாயம், 14-ஆம் சுலோகத்தில் இருக்கிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள்: உடல், செய்பவன், கருவிகள், முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள். உடலுக்குக் கீழே தூக்கமும், மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கமும். செய்பவனுக்குக் கீழே உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளும் கதை ('எனக்குக் கணக்கு வராது'). கருவிக்குக் கீழே பாடப்புத்தகம், பழைய வினாத்தாள், ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் வேகம். முயற்சிக்குக் கீழே இந்த வாரம் உண்மையில் படித்த மணி நேரம், படிக்க நினைத்த நேரம் அல்ல. தெய்வத்துக்குக் கீழே காலியிடம் எத்தனை, மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், கேள்வித்தாள் எப்படி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நிரப்புங்கள். முதல் நான்கு பத்திகளில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், ஐந்தாவதில் ஒரே வரி.

தோற்றவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால் ஐந்தாவது பத்திதான் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று டெலிகிராம் குழுவில் இரவு பன்னிரண்டு வரை விவாதிப்பது பலன்மேல் உரிமை கொண்டாடுவதுதான். அந்த நேரத்தில் 200 கேள்விகளில் தமிழுக்கு உரிய 100-ல் விட்டவை எவை என்று பார்த்திருக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். பற்றற்ற செயல் என்பதற்கு வயது வரம்பு தீரும்வரை எழுதிக்கொண்டே இருப்பது என்று அர்த்தம் இல்லை. இன்னும் எத்தனை முயற்சி, அதற்குள் வேறு எந்த வேலைக்குத் தயாராவது என்று முடிவு வருவதற்கு முன்பே, நிதானமாக இருக்கும்போது தீர்மானித்து எழுதிவையுங்கள். முடிவு வந்த அன்றிரவு எடுக்கும் தீர்மானம் எதுவானாலும், 'இனி எழுதவே மாட்டேன்' ஆனாலும் 'உயிரே போனாலும் எழுதுவேன்' ஆனாலும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 'பகவானை நம்புகிறவளுக்கு மாத்திரை எதற்கு? யோகா செய்' என்று சத்சங்கத்தில் ஒரு அம்மா சொன்னார். நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதென்றாலும் எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், நோய் திரும்பவும் கூடும்.

யோக நூலையே சாட்சிக்கு அழைப்போம். பதஞ்சலி 1.30-இல் சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைப் பட்டியலிடுகிறார். முதல் பெயர் வியாதி. அடுத்தது ஸ்தியானம், மனம் எதிலும் இயங்க மறுக்கும் நிலை. சோம்பல் என்பதை அவர் தனியாக, ஐந்தாவதாக வைத்திருக்கிறார். அதாவது நோயும் சோம்பலும் ஒன்றல்ல என்பது யோகத்தின் ஆதி நூலுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த சூத்திரத்தில் இந்தத் தடைகளோடு கூடவே வருபவை: துன்பம், மனமுறிவு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு. 'உடம்பார் அழியின் உயிரார் அழிவர்' என்ற திருமூலர், உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்தே வளர்த்தேன் என்கிறார். மருந்து அந்த உபாயத்தில் சேர்ந்ததுதான்.

சோர்வு கடுமையாக இருக்கும் நாட்களில் நீண்ட மௌனமும் தனிமைத் தியானமும் வேண்டாம். கண்ணை மூடினால் இருண்ட எண்ணங்களே சுற்றிச் சுற்றி வரும். வாய்விட்டுப் பாடும் ஒரு பதிகம், கோயில் பிரகாரத்தில் மூன்று சுற்று நடை, துணைக்கு ஒரு ஆள், இவை போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

திருமந்திரத்தில் சொன்ன 16 – 64 – 32 மாத்திரை (கால அளவு) கணக்கில் பிராணாயாமம் செய்கிறேன். காதடைப்பும் படபடப்பும் வருகிறது. எண்ணிக்கையைக் குறைக்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

குறைக்கலாமா என்று கேட்காதீர்கள், இன்றோடு நிறுத்திவிடுங்கள். இடப்பக்கம் 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32-இல் விடுவது திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் சொல்லும் முழு அளவு. அந்தத் தந்திரத்தில் இயமம், நியமம், ஆதனம் எல்லாம் முடிந்த பிறகுதான் பிராணாயாமம் வருகிறது. அது தொடங்கும் அளவு அல்ல. ஹட யோகப் பிரதீபிகை (2.15) சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மெல்ல மெல்லப் பழக்கு, இல்லாவிட்டால் செய்பவனையே கொன்றுவிடும் என்கிறது. தவறாகச் செய்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும் என்று இரண்டு சுலோகம் தள்ளிப் பட்டியலும் கொடுக்கிறது. உங்கள் காது அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். படபடப்பு தொடர்ந்தால் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு கும்பகமே (மூச்சை உள்ளே நிறுத்துவதே) இல்லாமல், நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுங்கள். அது சிரமமின்றி வந்தபின் நாலு இழுத்து ஆறு, அதற்கும் பிறகு நாலு இழுத்து எட்டு. காலையில் வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம் போதும். விடும் மூச்சு கடைசியில் 'புஸ்'ஸென்று வெளியேறினால், அல்லது அடுத்த மூச்சை வாரி இழுக்கத் தோன்றினால், உங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். மூச்சை நிறுத்துவது நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் இருந்தால் மட்டும். இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதன் பக்கமே போக வேண்டாம்.

மகனை விபத்தில் பறிகொடுத்தேன். வருகிறவர்கள் எல்லாம் 'கர்மா, போன ஜென்மத்துப் பாவம்' என்கிறார்கள். அப்படியென்றால் நான் செய்த பாவமா? சாமி படத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. விளக்கேற்றுவதையும் விட்டுவிட்டேன்.
– ஒரு தாய், நாகப்பட்டினம்

அம்மா, உங்களிடம் அதைச் சொன்னவர்கள் சாத்திரம் பேசவில்லை. சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்தது, ஒருவர் தன் கையில் இருக்கும் ஆகாமியத்தை, அதாவது இனிச் செய்யப்போவதை, ஒழுங்கு செய்துகொள்ள. எந்த வினையின் பலனாக எது வந்தது என்று அடுத்த வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டும் அதிகாரத்தை எந்த ஆகமமும் யாருக்கும் கொடுக்கவில்லை. 'கர்மத்தின் போக்கு ஆழமானது' என்று கீதையே (4.17) சொல்லி நிறுத்திக்கொள்கிறது. துன்பப்படுகிறவர்களைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு யோக சூத்திரத்தில் (1.33) தெளிவான விதி இருக்கிறது: கருணை. விளக்கம் சொல்லச் சொல்லவில்லை.

'வருந்தத் தகாதவர்க்கு வருந்துகிறாய்' என்ற கீதை வாசகத்தைத் துக்க வீட்டில் வந்து ஒப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நான் உன் சீடன், எனக்குச் சொல்' என்று அர்ஜுனன் கேட்ட பிறகுதான் (2.7) கண்ணன் உபதேசம் ஆரம்பித்தான். அதுவரை ஆத்மா, அழிவின்மை என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. கேட்காதவர்களுக்கு அந்த வாசகம் இல்லை.

சாமி மேல் வரும் கோபத்துக்கு நம் மரபில் இடம் இருக்கிறது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் போன சுந்தரருக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. காஞ்சியில் ஒன்று கிடைத்தது. மற்றதைக் கேட்டுத் திருவாரூரில் போய் நின்று 'மீளா அடிமை' என்ற பதிகத்தைப் பாடுகிறார். உமக்கே அடிமையானவர்கள் உம்மிடம் வந்து தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் பேசாமல் இருக்கிறீரே, 'வாழ்ந்து போதீரே', நீராவது நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். இதைவிடக் கசப்பாகச் சாமியைப் பேச முடியாது. அந்தப் பாட்டைச் சைவர்கள் ஒளித்துவைக்கவில்லை, ஏழாம் திருமுறையில் வைத்துத் தினமும் ஓதுகிறார்கள். நாகையிலிருந்து ஆரூர் தூரமில்லை.

விளக்கேற்றத் தோன்றாவிட்டால் ஏற்ற வேண்டாம். சண்டை போடத் தோன்றினால் படத்தின் முன் நின்று போடுங்கள். தியானம், விசாரம், 'ஆத்மாவுக்கு அழிவில்லை' எல்லாம் இப்போது வேண்டாம். வேளைக்குச் சாப்பாடும், கொஞ்சம் தூக்கமும், மகனைப் பற்றிப் பேசினால் குறுக்கிடாமல் கேட்கும் ஒருவரும் வேண்டும். மாதங்கள் போயும் சாப்பாடும் தூக்கமும் திரும்பாவிட்டால் மேலே சொன்ன அதே எண்ணில் (14416) பேசுங்கள்.

ரமணர் சொன்ன 'நான் யார்' விசாரத்தை மந்திரம் போல நாள் முழுவதும் சொல்கிறேன். ஒன்றும் நடக்கவில்லையே?
– ஒரு வாசகர், வேலூர்

அது மந்திரம் இல்லை என்பதால்தான். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டதற்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்களில் முறை தெளிவாக இருக்கிறது. ஓர் எண்ணம் எழுகிறது. அதைப் பின்தொடர்ந்து பூர்த்தி செய்யாமல் 'இது யாருக்கு உண்டாயிற்று?' என்று பார்ப்பது. 'எனக்கு' என்று தோன்றும். 'நான் யார்?' என்று பார்த்தால் மனம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும், எழுந்த எண்ணமும் அடங்கும். அடுத்த எண்ணத்துக்கும் இதே.

இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, நீங்கள் செய்வது போல வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, 'நான் ஆத்மா, நான் சச்சிதானந்தம்' என்று படித்த பதிலைக் கொண்டுவந்து ஒட்டுவது. கேள்வி, கவனத்தைத் திருப்புவதற்கு மட்டும். திரும்பிய பிறகு அந்தக் கேள்விக்கும் வேலை இல்லை, பிணஞ்சுடு தடியைப் போல அதுவும் எரிந்துபோக வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில், யாராவது உங்களைக் குறை சொன்ன உடனே செய்து பாருங்கள். 'நான்' அப்போதுதான் நன்றாக எழுந்து நிற்கும், பிடிக்கச் சுலபம். இது ஒட்டவே இல்லையென்றால் ஜபத்திலேயே இருங்கள், குறைவில்லை.

வீட்டில் தினமும் சண்டை. எல்லாவற்றையும் விட்டு ஏதாவது ஆசிரமத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. இதுதான் வைராக்கியமா?
– ஒரு வாசகர், சேலம்

இல்லை. பிச்சையெடுத்துச் சாப்பிடுவது மேல் என்று அர்ஜுனனும் சொன்னான் (2.5). கண்ணன் அதற்கு ஆசிரம முகவரி கொடுக்கவில்லை. சண்டை எதற்கு நடக்கிறது என்று எழுதவில்லையே? பணமா, குடியா, மாமியார் மருமகளா? அதை எழுதுங்கள், அதற்குத் தகுந்த பதில் அடுத்த இதழில் தருகிறோம். அதுவரை வேலையை மட்டும் ராஜினாமா செய்துவிடாதீர்கள்.